சம்பளம் இல்லாத சீருடை: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கி ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் லீவின் விலை தெரியும். அன்றைய சம்பளம் போகும். பல கம்பெனிகளில் அந்த மாதத்து அட்டெண்டன்ஸ் போனஸும் கூடவே போய்விடும். பெரிய விளையாட்டுப் போட்டிக்குத் தன்னார்வலர் தேவை என்று வாட்ஸ்அப்பில் வரும் அறிவிப்பை, கல்லூரி மாணவர் படிப்பதுபோல் கான்ட்ராக்ட் தொழிலாளி படிக்க முடியாது.

நம்பிக்கை: போனால் போட்டியை இலவசமாகப் பார்க்கலாம்.

பெரும்பாலும் முடியாது. வண்டி நிறுத்துமிடம், டிக்கெட் சரிபார்க்கும் வாசல், கேலரிப் படிக்கட்டு என்றுதான் இடம் ஒதுக்குவார்கள். ஆட்டம் நடக்கும் பக்கம் திரும்பக்கூட நேரம் இருக்காது.

நம்பிக்கை: சான்றிதழ் வேலை வாங்கித் தரும்.

கம்பெனி கேட்டில் கேட்பது ஐடிஐ, டிப்ளமோ, முன்அனுபவம். தமிழக அரசு வேலையில் உள்ள 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடும் களத்தில் ஆடிச் சாதித்தவர்களுக்குத்தான்.

நம்பிக்கை: இது சேவை, காசைப் பற்றிப் பேசக் கூடாது.

என்னால் ஏற்கவே முடியாத பேச்சு இது. 2022 கத்தார் உலகக் கோப்பையோடு முடிந்த நான்கு ஆண்டுகளில் ஃபிஃபாவின் வருமானம் சுமார் 750 கோடி டாலர். அந்தப் போட்டியில் உழைத்த தன்னார்வலர்கள் ஏறத்தாழ 20,000 பேர். ஒளிபரப்பு உரிமைக்கும் விளம்பரப் பலகைக்கும் விலை வைக்கிறவர்கள், உழைப்பை மட்டும் சேவையாகக் கேட்கிறார்கள். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்குத் தேர்ந்தெடுத்த 22,000 பேரில் சுமார் 10,000 பேர் விலகிவிட்டதாகப் போட்டி நடக்கும்போதே செய்தி வந்தது.

நம் கம்பெனிகளில் அப்ரண்டிஸாகச் சேரும் பையனுக்குக்கூட 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி உதவித்தொகை உண்டு. தொழிலாளிக்கு அடிபட்டால் இஎஸ்ஐ இருக்கிறது. தன்னார்வலர் சம்பளக்காரர் இல்லை என்பதால் இஎஸ்ஐ கார்டு கிடையாது. 2013இல் கனடா ஃபார்முலா ஒன் பந்தயம் முடிந்தபின், பழுதான காரை அப்புறப்படுத்திக்கொண்டிருந்த தன்னார்வலர் ஒருவர் கிரேன் ஏறி இறந்துபோனார்.

நம்பிக்கை: அப்படியானால் எல்லாமே சுரண்டல், போகவே வேண்டாம்.

இதுவும் தவறு. அதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிச் சென்னைப் பக்கம் போனால் இருங்காட்டுக்கோட்டை. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990இல் இங்கே தனக்கென்று களம் அமைத்தது. சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். மோட்டார் பந்தயத்தில் வளைவுகளில் கொடியோடு நிற்கும் மார்ஷல்கள் உலகெங்கும் பெரும்பாலும் தன்னார்வலர்களே. மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் தரை வழுக்கும். சிவப்பு வந்தால் பந்தயம் நின்றது. வண்டிகள் வரும் திசைக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது மார்ஷலுக்கு முதல் பாடம். கார் தடுப்பில் மோதினால் தீயணைப்பானோடு ஓட வேண்டியவரும் அவர்தான். 2023 ஆகஸ்டில் இதே களத்தில் பைக் பந்தயத்தில் விழுந்து 13 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். எவ்வளவு பொறுப்பான வேலை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

வாரமெல்லாம் இயந்திரத்தோடு புழங்குகிற ஒரு ஃபிட்டருக்கோ எலக்ட்ரீசியனுக்கோ இப்படிப்பட்ட வேலையில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பயிற்சி கொடுத்து, பொறுப்பை நம்பி ஒப்படைக்கிற இடம் என்றால், சம்பளம் இல்லாவிட்டாலும் வாரவிடுப்பில் தாராளமாகப் போகலாம் என்றே சொல்வேன். நாற்காலி அடுக்கவும் வரிசையை ஒழுங்குபடுத்தவும் மட்டும் கூப்பிடுகிற வணிகப் போட்டி என்றால், கூலி கேளுங்கள்.

எதுவானாலும் பெயர் கொடுப்பதற்கு முன் நான்கு கேள்விகள்: எத்தனை மணி நேரம்? சாப்பாடு யார் பொறுப்பு? ராத்திரி முடிந்தபின் அறைக்குத் திரும்ப வண்டி உண்டா? விபத்துக் காப்பீடு யார் பெயரில், எவ்வளவு தொகைக்கு? கடைசிக் கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.