முதலில் தனுஷ்கோடி

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போய் அன்றைக்கே திரும்புவதாக நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். பதினொரு இடங்கள் எழுதியிருக்கிறாய். உத்தரகோசமங்கை, தேவிபட்டினம், அரியமான் கடற்கரை என்று தீவுக்குள் நுழையும் முன்பே மூன்று. பிறகு ராமர் பாதம், வில்லூண்டித் தீர்த்தம், லட்சுமண தீர்த்தம், பெரிய கோயில், கலாம் வீடு என்று போய், கடைசி வரியில் 'நேரம் இருந்தால் தனுஷ்கோடி' என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் தாத்தா வாலிப வயதில் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். எப்படிப் போய்வந்தார் என்று தெரியுமா? எழும்பூரிலிருந்து வரும் போட் மெயிலில் பரமக்குடியில் ஏறுவார். பாம்பன் பாலம் தாண்டி தனுஷ்கோடித் துறையில் ரயிலை விட்டு இறங்கிக் கப்பலில் ஏறினால், எதிர்க்கரையில் தலைமன்னார். அங்கிருந்து கொழும்புக்கு ரயில். தனுஷ்கோடியில் ரயில் நிலையம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் இருந்ததை எங்களுக்குக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் அத்தனையையும் கொண்டுபோனது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த ரயில், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலில் போனது. அதன் பிறகு அது மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கமே அறிவித்துவிட்டது.

2017இல் தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை வந்தது. அதற்கு முன்னால் மணலிலும் தண்ணீரிலும் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். தாத்தாவின் முதுகு தாங்காது. சாலை வந்த மறு வருஷம், அவருக்கு எண்பத்து நான்கு வயதில், வேன் பிடித்து எல்லோருமாகப் போனோம். நானும் உன்னைப் போலவே பட்டியல் போட்டேன். எல்லாவற்றையும் பார்த்து முடித்துத் தனுஷ்கோடிச் சோதனைச் சாவடிக்குப் போனபோது மாலை ஐந்து மணி தாண்டிவிட்டது. அதற்கு மேல் வண்டிகளை உள்ளே விடுவதில்லை. இருட்டியபின் அந்த மணல்முனையில் பாதுகாப்பு இல்லை என்பதற்காக வைத்த விதி அது. தாத்தா ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பரவாயில்லப்பா, திருப்பச் சொல்லு" என்றார். அடுத்த மாசியில் அவர் போய்விட்டார். அன்றைக்கு அந்த வண்டியில் அந்த இடத்துக்காகவே வந்தவர் அவர் ஒருவர்தான். அதைக் கடைசியில் வைத்தது நான்.

அதனால் சொல்கிறேன், முதலில் தனுஷ்கோடிக்குப் போ. அடுத்து பெரிய கோயில். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிடு.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். அங்கிருந்து அரிச்சல்முனைக்கு இன்னும் இருபது. மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழி. அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டால் பிள்ளைகள் ராமநாதபுரம் வரைக்கும் தூங்கிக்கொண்டு வருவார்கள். அங்கே ஒரு டீ. ஏழு மணி சுமாருக்கு முனையில் நிற்கலாம். அந்த நேரத்தில் வெயில் உறைக்காது. பத்து மணிக்கு மேல் அந்த மணலில் நிழல் என்று ஒன்று கிடையாது. உன் அத்தையால் கால் வைக்க முடியாது. மூன்று மணிக்கு வண்டி எடுக்க வேண்டுமென்றால் டிரைவர் சனிக்கிழமை நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். முந்தின நாள் வேறு சவாரி முடித்துவிட்டு நேராக வருகிறவராக இருந்தால் வேறு ஆள் கேள். கார் வாடகையில் நூறு இருநூறு குறைகிறதே என்று பார்க்காதே.

கோயிலுக்கு முன்னால் வேறு இடமா என்று அத்தை கேட்பார். சேதுவில் தீர்த்தமாடிவிட்டு ராமநாதரைத் தரிசிப்பது பழைய முறைதான் என்று சொல். போகிற வழியிலேயே கோதண்டராமர் கோயில் இருக்கிறது. அந்தப் புயலுக்கும் தப்பி நின்ற கோயில். அங்கே ஒரு கும்பிடு போட்டால் அத்தையின் மனம் சமாதானமாகிவிடும்.

தீர்த்தமாடுவது என்று சொன்னேனே, முனையில் தண்ணீருக்குள் இறங்கவே கூடாது. இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா. அந்த ஊர்க்காரர்கள் ஆண் கடல் என்பார்கள். மறு பக்கம் குளம் மாதிரிக் கிடப்பது பெண் கடல். இரண்டும் சேருகிற இடத்தில் அடியில் இழுப்பு எந்தப் பக்கம் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. மேலே அமைதியாக இருக்கிறதே என்று சின்னவன் கையை உதறிக்கொண்டு ஓடுவான். மாப்பிள்ளை படம் எடுக்கப் போகாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும். கரையில் நின்று அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். ஆசை தீரக் கடலில் குளிக்க வேண்டுமானால், ஊருக்குள் கோயிலுக்கு எதிரே அக்னி தீர்த்தம் இருக்கிறது. அங்கே அலை கிடையாது.

திரும்பும்போது இடிந்த மாதா கோயில் பக்கம் வண்டியை நிறுத்து. சுவர்கள் மட்டும் நிற்கும். பக்கத்தில் குடிசை போட்டு மீனவர்கள் இருக்கிறார்கள். மணலைக் கொஞ்சம் தோண்டினாலே அங்கே நல்ல தண்ணீர் ஊறும். இரண்டு பக்கமும் உப்புக் கடல் இருக்க நடுவில் குடிதண்ணீர் வருவதைப் பிள்ளைகளுக்குக் காட்டு. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரைவிட லேசாக இருப்பதால் அதன் மேலேயே தங்கிவிடுகிறது என்று சொன்னால் பெரியவளுக்குப் புரியும். அந்தச் சுவர்மேல் ஏறி நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் பிள்ளைகள் ஏற வேண்டாம். ஒரே இரவில் ஊரோடு மனிதர்கள் போன இடம் அது. சங்கு, பாசிமணி விற்கிற பெண்களிடம் ஏதாவது வாங்கு, அது அவர்களுக்குப் பிழைப்பு. ஆனால் பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை என்று யாராவது நீட்டினால் தொடாதே. வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.

ஒன்பதரைக்குள் ஊருக்குள் வந்துவிடு. கோயில் நடை மதியம் ஒரு மணிக்குச் சாத்தினால் மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடுவதற்குக் கூட்டமில்லாத நாளிலேயே ஒன்றரை மணி நேரமாவது போகும். தரை முழுக்க ஈரமாக வழுக்கும். அத்தையின் முழங்காலுக்கு அது ஆகாது. அவரை மூன்றாம் பிராகாரத்தில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஆடிவிட்டு வாருங்கள். ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட தூண்கள் வரிசையாக நிற்கிற அந்த இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதே ஒரு தரிசனம். ஈர உடையோடு சன்னிதிக்குள் விடமாட்டார்கள் என்பதால் மாற்றுத்துணி தனிப் பையில் இருக்கட்டும். உடம்போடு ஒட்டாத கனமான பருத்தித் துணி உடுத்திக்கொள். கைபேசிகள் வண்டியிலேயே இருக்கட்டும்.

ரயிலில் போகலாமா என்று மாப்பிள்ளை கேட்டதாகச் சொன்னாய். 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 கடைசியோடு ரயில் நின்றுபோய், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தாகிவிட்டது. கப்பல் வந்தால் நடுவில் 72 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக மேலே எழும்பும். கடல்மேல் ரயிலில் போவதைப் பிள்ளைகள் ஒரு முறையாவது பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ரயில் நேரத்துக்குப் போனால் காலை ஏழு மணிக்கு முனையில் நிற்க முடியாது. அதை இன்னொரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை சாலைப் பாலத்திலிருந்தே பார்த்துக்கொள்ளட்டும். மேலே நிறுத்தாமல் டிரைவரை மெதுவாகப் போகச் சொல்.

சாப்பாடு முடித்து வரும் வழியில் பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம். பட்டியலில் ஒன்றைக் கூட்ட வேண்டுமானால் இதைக் கூட்டு, அரை மணி போதும். அவருடைய அப்பா யாத்திரைக்காரர்களைத் தனுஷ்கோடிக்குப் படகில் கூட்டிப்போனவர். காலையில் பார்த்த இடம் என்பதால் பிள்ளைகள் மனதில் அது நிற்கும்.

கிளம்புமுன் இரண்டைப் பார்த்துக்கொள். அந்த ஞாயிறு அமாவாசையாக இருந்தால் வேண்டாம். தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் கோயிலுக்குள் நகரவே முடியாது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருப்பதாகச் செய்தியில் சொன்னால், கொடுத்த முன்பணம் போனாலும் பயணத்தைத் தள்ளிவை.

முனையில் நிற்கும்போது பிள்ளைகளைக் கிழக்கே பார்க்கச் சொல். தலைமன்னார் அந்தத் திசையில் சுமார் முப்பது கிலோமீட்டரில் இருக்கிறது. உங்கள் பூட்டனார் இங்கேதான் கப்பல் ஏறினார் என்று அவர்களிடம் சொல். அவர் திரும்ப வந்து பார்க்க ஆசைப்பட்டார் என்பதையும் சொல்.

சனிக்கிழமை இரவே டிரைவருக்கு ஒரு முறை போன் செய்துவிடு. மூன்று மணிக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும்.

அன்புடன்,
உன் பெரியப்பா