அர்ஜுனன் வேறு மாதிரி பேசியிருந்தால்?



இந்த மாதப் பாடத்தை நமக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு கதையில் இருந்தே தொடங்குவோம். ஏகலைவன் வேடர் தலைவனின் மகன். துரோணரிடம் வில்வித்தை கற்க வந்தான், அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. காட்டுக்குத் திரும்பி, மண்ணால் துரோணரின் உருவத்தைச் செய்து, அதன் முன்னால் தானே பழகினான். ஒருநாள் தன்னைப் பார்த்துக் குரைத்த நாயின் வாயை ஏழு அம்புகளால் அடைத்தான். அதைக் கண்ட பாண்டவர்கள் அசந்து போனார்கள். கடைசியில் துரோணர் குருதட்சணையாகக் கேட்டது அவன் வலது கைக் கட்டைவிரலை.

முகாம்களில் இந்தக் கதையை வைத்து எத்தனையோ தடவை விவாதம் செய்திருப்போம். ஏகலைவனின் பக்தி பெரிதா, துரோணர் செய்தது நியாயமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுவோம். நடுவில் நிற்கும் மூன்றாவது ஆளை யாரும் கேள்வி கேட்பதில்லை. அவன்தான் அர்ஜுனன். நாயைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, துரோணரைத் தனியாகச் சந்தித்து, "உங்கள் மாணவரில் என்னைவிடச் சிறந்தவன் யாரும் இருக்க மாட்டான் என்று சொன்னீர்களே" என்று ஞாபகப்படுத்தியவன் அவன். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் துரோணர் காட்டுக்குப் போகிறார்.

அர்ஜுனன் அன்றைக்கு வேறு மாதிரி பேசியிருந்தால்? "குருவே, அவன் எப்படிப் பழகினான்னு கேட்டு வரட்டுமா?" என்று கேட்டிருந்தால்?

நான் இதைக் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கு. நானும் ஒரு சின்ன அர்ஜுனனா நடந்துக்கிட்டவன்தான்.

பையில் இருந்த கோப்பு

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். எங்கள் குடும்பம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் இருந்து வந்தது. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு ரொம்ப வருஷம் ஆச்சு. லயன் வீடுகள் இருந்த இடத்தில் மாரியம்மன் கோயிலும் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையும்தான் மிச்சம். நாங்கள் இப்போது ஈப்போவில் ஒரு தாமானில் இருக்கிறோம்.

இரண்டாம் ஆண்டில் தெர்மோடைனமிக்ஸ் பாடம். மூத்த மாணவி ஒரு அக்கா என்னிடம் ஒரு கோப்பைக் கொடுத்தார். பழைய தேர்வுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் படிப்படியான விடை, எல்லாம் அவர் கையெழுத்தில். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் நண்பன் கேட்டான். அவனும் நம்மைப் போலத் தோட்டத்துக் குடும்பம்தான், தாப்பா பக்கம். அப்பா லாரி ஓட்டுகிறார்.

"டேய், பழைய கேள்வி ஏதாவது உன்கிட்ட இருக்கா?"

"இல்லடா, நானும் அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

கோப்பு என் பைக்குள் இருந்தது. பை என் மடியில் இருந்தது.

அவன் அந்தப் பாடத்தில் தேறவில்லை. அதில் தேறினால்தான் அடுத்த பாடம் எடுக்க முடியும் என்பதால் அவன் படிப்பு முடிகிற நாளும் தள்ளிப்போனது, பி.டி.பி.டி.என். கடனும் கூடியது. எனக்கு பி பிளஸ் கிடைத்தது. கோப்பைக் கொடுத்திருந்தால் என் பி பிளஸ் குறைந்திருக்குமா? ஒரு புள்ளிகூடக் குறைந்திருக்காது.

அரை மில்லிமீட்டர்

2024 பாரிஸ் ஒலிம்பிக் நடந்தபோது தொலைக்காட்சியில் ஒரு பெயர் என்னை நிறுத்தியது: இளவேனில் வாலறிவன். வாலறிவன் என்றால் தூய அறிவுடையவன். இப்படி ஒரு பெயரோடு துப்பாக்கி பிடிக்கிறாரே, யார் இவர் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றி. பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் இலக்கின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 0.5 மில்லிமீட்டர்தான். பேனா முனையால் ஒரு புள்ளி வைத்தால் அவ்வளவுதான். தகுதிச் சுற்றில் 60 தடவை சுட வேண்டும். ஒரு சுடுதலுக்கு அதிகபட்சம் 10.9 புள்ளி. எல்லாரும் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள், ஆனால் ஒவ்வொருவருக்கும் தனி இலக்கு. பூப்பந்தில் எதிராளி அடிக்கிற பந்தை நாம் தடுக்கலாம். இங்கே பக்கத்தில் நிற்பவரின் புள்ளியைக் குறைக்க எந்த வழியும் கிடையாது.

இளவேனில் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர். 2018-இல் சிட்னியில் ஜூனியர் உலகக் கோப்பைத் தங்கம், 2019-இல் ரியோ டி ஜெனிரோவில் பெரியவர்களுக்கான உலகக் கோப்பைத் தங்கம். பாரிஸில் பத்தாம் இடம்; இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான் போக முடியும். அவர் வளர்ந்து வந்தது 'கன் ஃபார் குளோரி' பயிற்சிக் கழகத்தின் வழியாக. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ககன் நாரங், சென்னையில் பிறந்தவர்.

இங்கே ஆண்டுகளைக் கவனிங்க. கழகம் தொடங்கியது 2011-இல். நாரங் லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது 2012-இல். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கிலும் போட்டியிட்டார். அதாவது, தன் பதக்கம் இன்னும் கைக்கு வராத நேரத்திலேயே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் இடத்தைத் திறந்துவிட்டார். "நான் முதல்ல செட்டில் ஆகிக்கிறேன், அப்புறம் பார்க்கலாம்" என்று நாம் சொல்வோமே, அதை அவர் சொல்லவில்லை.

அதற்கும் முன்னால், 2008-இல் பெய்ஜிங்கில் நாரங்கும் அபினவ் பிந்த்ராவும் ஒரே போட்டியில் இறங்கினார்கள். நாரங் சமப் புள்ளி எடுத்தும் கணக்கு முறையில் பின்தங்கி இறுதிச் சுற்றை இழந்தார். பிந்த்ரா தங்கம் வென்றார். இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் அது. அந்த மாதிரி நிலையில் நாமா இருந்தால் அடுத்த கல்யாண வீட்டில்கூட முகம் பார்க்க மாட்டோம். அவர்கள் இருவரும் 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் இணையாக நின்று தங்கம் வென்றார்கள்.

கொடுத்த துப்பாக்கி

இன்னொரு சம்பவம், 2004 ஏதென்ஸ். அமெரிக்க வீரர் மேத்யூ எம்மன்ஸின் துப்பாக்கியை, ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களுக்கு முன் யாரோ வேண்டுமென்றே கெடுத்து வைத்தார்கள். பல்கலைக்கழக நாள்களில் அவரோடு ஒரே அணியில் சுட்ட ஆம்பர் டார்லண்ட் என்ற வீராங்கனை தன் துப்பாக்கியை அவருக்குக் கொடுத்தார். துப்பாக்கி சுடுபவருக்கு அது சட்டை மாதிரி. தோளுக்கும் கன்னத்துக்கும் ஏற்ப அளவு பார்த்து அமைத்திருப்பார்கள். அதையே எடுத்து நீட்டினார். அந்தத் துப்பாக்கியால்தான் எம்மன்ஸ் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வென்றார்.

அதே ஏதென்ஸில், மூன்று நிலைப் போட்டியில், எம்மன்ஸ் கடைசிச் சுடுதல் வரை முன்னிலையில் இருந்தார். அந்தக் கடைசிக் குண்டு போய் விழுந்தது பக்கத்து வரிசைக்காரரின் இலக்கில். புள்ளி பூஜ்யம். தங்கத்தில் இருந்து எட்டாம் இடத்துக்கு இறங்கினார். அது வெறும் கவனப் பிசகுதான், அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு அந்தக் காட்சி ஒரு பாடமாகவே நிற்கிறது. பக்கத்தவன் எவ்வளவு எடுக்கிறான் என்று பயந்துகொண்டு கோப்பை மறைத்தேனே, அன்றைக்கு நான் சுட்டது என் இலக்கையே இல்லை.

"இடம் குறைவா இருந்தா?"

உங்களில் சிலர் கேட்கலாம். "அண்ணே, தேர்வுல சரி. ஆனா உபகாரச் சம்பளத்துக்கு, வேலைக்கு இடமே கொஞ்சம்தானே? அங்கே சொல்லிக்கொடுத்தா நமக்குத்தானே நஷ்டம்?"

நியாயமான கேள்வி. அதற்கு மாண்ட்ரியல் 1976-ஐப் பார்ப்போம். லானி பாஷம், மார்கரெட் மர்டாக், இருவரும் அமெரிக்கர்கள், ஒரே போட்டியில் ஆளுக்கு 1162 புள்ளி. சமநிலை விதிப்படி தங்கம் பாஷமுக்கு, வெள்ளி மர்டாக்குக்கு. தேசிய கீதம் ஒலித்தபோது பாஷம் மர்டாக்கை மேல் படிக்கு அழைத்துத் தன் பக்கத்தில் நிற்க வைத்தார். கவனிங்க, தங்கத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தான் நின்ற படியில் இடம் கொடுத்தார். பகிர்வது என்றால் நாம் தோற்க வேண்டும் என்று அர்த்தமில்லை. முழு மூச்சோடு போட்டியிடலாம். பக்கத்தவனுக்கு வழி தெரியாமல் இருப்பதை மட்டும் நம் பலமாக எண்ணக் கூடாது.

இதே பாஷம் 1972 மியூனிக்கில் தங்கத்தைக் கோட்டைவிட்டு வெள்ளியோடு திரும்பியவர். எங்கே தவறினோம் என்று தெரிந்துகொள்ள, ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்களைத் தேடிப் போய்க் கேள்வி கேட்டார். அவர்களும் சொன்னார்கள். தான் கற்றதை அவர் பிறகு தன் வாழ்க்கைத் தொழிலாகவே மற்றவர்களுக்குக் கற்பித்தார். அவருக்குப் பதில் சொன்னவர்கள் அன்று வாயை மூடியிருந்தால் மாண்ட்ரியல் படியில் அந்தக் காட்சியே இருந்திருக்காது.

இன்னொன்றும் உண்டு. எப்படி மூச்சை அடக்குவது, விசையை எப்படி அழுத்துவது என்று ஒருவர் அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். அதைக் கையில் கொண்டுவர வருஷக்கணக்கில் பழக வேண்டும். சொல்லிக்கொடுத்தாலும் சுட வேண்டியது அவரவர் கைதான். நாம் பொத்திப் பொத்தி வைக்கிற 'ரகசியம்' உண்மையில் உழைப்பில் ஒரு சின்னப் பங்குதான். ஆனால் அதுகூடத் தெரியாதவனுக்கு உழைப்பை எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

பாட்டி சொன்னது

இதை நான் பாட்டியிடம் சொன்னபோது அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பாட்டி பால் வெட்டியவர். கத்தி ஆழமாப் போனா மரம் காயப்படும், மேலாப் போனா பால் வராது. புதுசா வந்தவர்களுக்குப் பக்கத்து நிரைக்காரர்தான் கையைப் பிடித்துக் காட்டுவாராம்.

"ஏன் பாட்டி, எடை போட்டுத்தானே சம்பளம்? அவங்களுக்கு நேரம் போகுமே?"

"அவ மரத்துப் பால் அவ வாளிக்கு, என் மரத்துப் பால் என் வாளிக்கு. இதுல எனக்கு என்னய்யா கொறைஞ்சிரப் போகுது?"

பொறியியல் படித்த எனக்கு இது புரிய ஒரு ஒலிம்பிக் தேவைப்பட்டது.

அடுத்த செமஸ்டர் தொடங்கியதும் நண்பனிடம் கோப்பை எடுத்துப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"தெரியும்டா. அக்காதான் என்கிட்ட சொன்னாங்க, உன்கிட்ட வாங்கிக்கச் சொல்லி. அதனாலதான் கேட்டேன்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவன் கோப்பைத் திறந்து முதல் கணக்கைக் காட்டினான். "சரி, உக்காரு. இந்த ஈரநீராவிக் கணக்குல இதை ஏன் கழிக்கிறோம்?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அட்டவணையைப் பார்த்து விடை எடுக்கத் தெரியும், காரணம் தெரியாது. பி பிளஸ் வாங்கிய பாடத்தை அன்றைக்குத்தான் அவனோடு உட்கார்ந்து படித்தேன். அவன் தேறிவிட்டான்.

இப்போது மாதம் இரண்டு சனிக்கிழமை, அந்தப் பழைய தோட்டத்துக் கொட்டகையில் எஸ்.பி.எம். பிள்ளைகளுக்கு நாங்கள் இருவரும் கணிதம் சொல்லிக் கொடுக்கிறோம். மெட்ரிகுலேஷனுக்கு எப்படி விண்ணப்பிப்பது, எந்தத் தேதியை விடக் கூடாது என்பதையும் சொல்கிறோம். முதல் நாளே அக்காவின் கோப்பு மாதிரி ஒன்றைக் கொட்டகை மேசையில் வைத்தோம். ஒரே விதி: எடுக்கிறவன் புதுசா ஒரு தாளைச் சேர்த்து வைக்கணும்.

கலந்துரையாட

1. அர்ஜுனன் ஏகலைவனிடம் நேரில் பேசப் போயிருந்தால் இருவருக்கும் என்ன கிடைத்திருக்கும்?

2. உங்களுக்குத் தெரிந்த ஒரு விண்ணப்பம், உபகாரச் சம்பளம், குறிப்பு எதையாவது யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறீர்களா? ஏன்?

3. பாஷம் தங்கத்தை வைத்துக்கொண்டே படியில் இடம் கொடுத்தார். உங்கள் வகுப்பில், வேலையிடத்தில் அப்படி ஒரு 'படி' எது?

இந்த வாரப் பயிற்சி: உங்களிடம் ஏதாவது கேட்டு, நீங்கள் "இல்லை" என்று சொல்லி அனுப்பிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு ஒரு போன் போடுங்கள். அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கலாம். இருந்தாலும் போடுங்கள்.

அடுத்த பாடத்தில் சந்திப்போம்.