நிற்கும் முகில்

ஜப்பான் நாட்டிலே 3,776 மீட்டர் உயரமுள்ள பியூஜி மலை தனித்து ஓங்கி நிற்கின்றது. சில நாட்களில் அதன் முடியின்மேல் வெண்முகில் ஒன்று தொப்பிபோலக் கவிந்திருக்கும். மலை தொப்பி அணிந்தால் மழை வருமென்பது அந்நாட்டு மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. வேறு சில நாட்களில், மலைக்குச் சற்று அப்பால், காற்றுச் செல்லும் திசையில், வழவழப்பான விளிம்புடைய முகிலொன்று வானத்தில் தொங்குவதுபோல் தோன்றும். குவிவில்லையின் வடிவமுடைய இம்முகில், ஒரோவழி அடுக்கி வைத்த தட்டுகளைப் போலவும் காணப்படும். பறக்கும் தட்டு என்று இதனைக் கண்டு மருண்டவரும் உளர்!

பிற முகில்கள் காற்றோடு ஓடுகின்றன. இதுவோ நெடுநேரம் நின்ற இடத்திலேயே நிற்கின்றது. காற்றில்லாமையால் நிற்கின்றது போலும் என எண்ணுதல் இயல்பே. உண்மை அதற்கு நேர்மாறானது.

ஆற்றில் கிடக்கும் பாறையின்மேல் ஓடும் நீரை நோக்குக. பாறையைக் கடந்த நீர் அலையாக எழுந்து தாழ்கின்றது. நீர் ஓடுகின்றது, அலையோ அங்கேயே நிற்கின்றது. மலையைக் கடக்கும் காற்றும் இத்தகையதே. மேலெழும் காற்று விரிந்து குளிர்கின்றது. அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகி முகிலாகின்றது. கீழிறங்குங்கால் காற்று வெம்மையுற, துளிகள் மறைகின்றன. முகிலின் ஒரு விளிம்பில் துளிகள் பிறந்துகொண்டும் மறு விளிம்பில் அழிந்துகொண்டும் இருக்க, காற்று அதனூடே விரைந்து செல்கின்றது. ஆகவே, நிற்கும் முகில் கடுங்காற்றின் அடையாளமாம்.

மசனாவோ அபே என்னும் ஜப்பானிய அறிஞர், 1920களின் பிற்பகுதியில், மலையடியிலுள்ள கோத்தெம்பா என்னும் ஊரில் ஆய்வுக்கூடம் அமைத்து, இம்முகில்களைப் பல்லாண்டுகள் நிழற்படமும் திரைப்படமும் எடுத்து ஆராய்ந்தார்.

அலையின் கீழே காற்றுச் சுழன்று புரள்வதும் உண்டு. அங்கே கிழிந்த பஞ்சுபோன்ற சிறு முகில்கள் தோன்றும். காண்பதற்கு எளியவையாயினும், வானூர்திக்கு மிகக் கொடியவை இவையே.

காற்றில் ஈரம் குறைந்திருப்பின் அலை எழும், முகில் தோன்றாது. அப்பொழுது கண்ணுக்கு எச்சரிக்கை ஏதுமில்லை. 1966ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5ஆம் நாள், டோக்கியோவினின்று ஹாங்காங் நோக்கிப் புறப்பட்ட பிரிட்டிஷ் வானூர்தியொன்று பியூஜி மலையருகே பறந்தது. வானம் தெளிந்திருந்தது, மலை நன்கு தெரிந்தது. கோத்தெம்பாவின்மேல் திடீரெனத் தாக்கிய கடுங்கொந்தளிப்பால் வானூர்தி நடுவானிலேயே சிதைந்தது. அதிலிருந்த 124 பேரும் மாண்டனர்.

இக்காலத்து விமானிகள் முகிலை மட்டும் நோக்கி அமைவதில்லை. மலைமுடியின் உயரத்தில் காற்று எத்திசையினின்று, எவ்வளவு விரைவாக வீசுகின்றது என்பதையும் வானிலை அறிக்கையால் அறிந்த பின்னரே மலையை அணுகுகின்றனர்.