ஊர் கூடித் திரட்டும் மருத்துவ நிதி

ஆட்டையாம்பட்டியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் தறியையும் முறுக்குத் தொழிலையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல. இக்குடும்பங்களில் ஒருவர் நோயுற்றுப் படுத்தால் இரண்டு கூலி நின்றுபோகிறது. ஒன்று நோயாளியினுடையது, மற்றொன்று துணைக்கு இருப்பவருடையது. மருந்துச் சீட்டில் எழுதப்படாத இந்த இழப்பே பல வீடுகளைக் கடனில் தள்ளுகிறது. அவ்வேளையில் ஊராரிடம் உதவி கேட்பதா என்று தயங்கிச் சிகிச்சையை ஒத்திப்போடுவோரை நாம் அறிவோம். அத்தயக்கம் தேவையற்றது என்பதையும், கேட்கும் முறை எவ்வாறு அமைய வேண்டும் என்பதையும் இவ்விதழில் காண்போம்.

பொதுமக்களிடம் நிதி திரட்டி மருத்துவம் வளர்த்தல் நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்னை அடையாற்றிலுள்ள புற்றுநோய் மருத்துவமனையின் வரலாறே இதற்குச் சான்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர் பல்லாண்டுகள் வற்புறுத்தினார். புற்றுநோய் வந்தால் மரணமே என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. அதற்குப் பணம் செலவிடுவது வீண் என்றே கருதப்பட்டது. ஆகவே அவர் சார்ந்திருந்த இந்திய மாதர் சங்கம் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கிப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டியது. 1952இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அம்மருத்துவமனையில் ஒரு நாளும் படுத்திரார் என்பதே இங்கு நாம் கருதத்தக்கது. முகமறியாத யாரோ ஒருவருக்காக அவர்கள் கொடுத்தார்கள்.

இலங்கையில் இன்னும் வியக்கத்தக்க ஒன்று நடந்தது. போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் கழிந்த நிலையில், 2011இல், தென்கோடியிலுள்ள தேவேந்திரமுனையிலிருந்து வடகோடியிலுள்ள பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீட்டரை 27 நாளில் நடந்து, யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி சேர்த்தனர். 2016இல் அதே வழியை வடக்கிலிருந்து தெற்காக நடந்தனர். அம்முறை நிதி காலியிலுள்ள கராப்பிட்டி மருத்துவமனைக்கு உரியது. வடக்கின் நோயாளிக்குத் தெற்கும், தெற்கின் நோயாளிக்கு வடக்கும் நடந்த நடை அது.

இனி நம் வீட்டுக் காரியத்துக்கு வருவோம். ஊராரிடம் செல்லுமுன் அரசிடம் உள்ள உரிமையைக் கேட்டுப் பெறுதல் முறை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பம், பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பெறலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் காப்பீட்டுத் திட்டப் பிரிவை அணுகுங்கள். இத்திட்டத்தால் தீரக்கூடிய செலவுக்கு ஊரில் வசூல் செய்தால், பின்னர் உண்மையாகவே தேவைப்படும்போது கொடுக்க ஊராரிடம் மனமிராது.

அதன் பிறகும் குறைவிருந்தால், மருத்துவமனையிடம் செலவு மதிப்பீட்டைக் கடிதமாகப் பெறுங்கள். தொகையும் தேதியும் கையொப்பமும் உள்ள அக்கடிதமே உங்கள் வேண்டுகோளுக்கு ஆதாரம். வரவை எழுதும் முறையை நம் திருமண வீடுகளில் கற்றுக்கொள்ளலாம். மொய் நோட்டில் பெயர், ஊர், தொகை மூன்றும் அங்கேயே, எல்லோர் கண்ணெதிரிலும் எழுதப்படுகின்றன. மொய் திருப்பிச் செய்யவேண்டியது, நன்கொடை அப்படியன்று. எனினும் நோட்டு ஒன்றுதான். அதைக் குடும்பத்தார் வைத்திராமல், ஊரில் நம்பிக்கைக்குரிய வேறு இருவர் வைத்திருப்பது குடும்பத்துக்கே பாதுகாப்பு. திரண்ட தொகையைக் கைமாற்றாமல் மருத்துவமனைக் கணக்கிலேயே செலுத்தி ரசீது பெறுதல் நலம். மீதம் வந்தால் என்ன செய்வது என்பதை வசூலுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பின்னர் சொன்னால் எவ்வளவு நேர்மையான முடிவும் ஐயத்துக்கு இடமாகும்.

வாட்ஸ்அப் வேண்டுகோள்களைப் பற்றி ஒரு சொல். தேதியில்லாத செய்தி, தேவை தீர்ந்து ஓராண்டு ஆன பின்னும் ஊர் ஊராகச் சுற்றுகிறது. தேதியிடுங்கள், தேவை தீர்ந்ததும் அதையும் அறிவியுங்கள். நோயாளியின் படத்தை அவர் சம்மதமின்றி வெளியிடாதீர்கள். மூக்கில் குழாயுடன் படுத்திருக்கும் தம் படத்தை அண்டை வீட்டார் கைப்பேசியில் காண எவர்தாம் விரும்புவர்? குழந்தையானால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அப்படம் அது வளர்ந்த பின்னும் அழியாதிருக்கும். மதிப்பீட்டுக் கடிதம் ஒன்றே போதும் என்பது எங்கள் கருத்து.

மருத்துவமனைக்கே கொடுக்க விரும்புவோர், அரசு மருத்துவமனையாயின் அங்குள்ள நோயாளர் நலச் சங்கத்தை அணுகலாம். கொடுக்குமுன் எது தேவை என்று கேளுங்கள். ஐந்து சக்கர நாற்காலி உள்ள இடத்துக்கு ஆறாவதும் வந்து சேர்கிறது. படுக்கை விரிப்புக்கோ ஆளில்லை. கருவி வாங்கித் தருவோர் அதன் பராமரிப்புச் செலவையும் சேர்த்து எண்ண வேண்டும். அறக்கட்டளைகளுக்கு அளிக்கும் நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை நாடுவோர், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அச்சலுகை கிடையாது என்பதை நினைவிற்கொள்க.

பெருந்தொகை வேண்டாத உதவியும் உண்டு. சிறுநீரகம் செயலிழந்தோர் பலர் வாரம் இரண்டு அல்லது மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்ல வேண்டும். சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும், இங்கிருந்து சேலம் சென்று திரும்ப இருவருக்குப் பேருந்துக் கட்டணமும், துணைக்கு வந்தவருக்கு ஒரு வேளை உணவும், அன்றைய கூலியும் கைவிட்டுப் போகின்றன. கட்டணத்துக்கு வழியின்றி ஒரு முறை தவறினால், உடலில் நீர் தேங்கி மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு வர நேரலாம். ஒரு தெருவில் பத்து வீட்டார் மாதந்தோறும் சிறு தொகை ஒதுக்கினால் ஒரு நோயாளியின் போக்குவரத்துச் செலவு தீரும். இதற்குச் சுவரொட்டியும் வேண்டாம், படமும் வேண்டாம். ஒரு நோட்டும், அதை எழுத ஒருவரும் இருந்தால் இம்மாதமே தொடங்கலாம்.