தீயணைப்புப் படிப்பு: சேலம், நாமக்கல் பிள்ளைகளுக்கு எது பொருந்தும்?

தேர்வு முடிவுகள் வந்ததும் ‘ஃபயர் அண்ட் சேஃப்டி’ விளம்பரங்கள் நம் ஊர்களில் கண்ணில் படத் தொடங்கிவிடும். ஆறு மாதம், ஒரு வருடம், உடனே வேலை என்பார்கள். பணம் கட்டும் முன் பிள்ளையிடம் கேளுங்கள்: அரசுத் தீயணைப்பு வண்டியில் ஏற ஆசையா, ஆலையில் பாதுகாப்புப் பணிக்குப் போக விருப்பமா? இரண்டுக்கும் வழி வேறு.

வண்டியில் ஏற ஆசைப்பட்டால் டிப்ளமோவே தேவையில்லை. இதைப் பலர் பணம் கட்டிய பிறகுதான் அறிகிறார்கள். தமிழ்நாட்டில் தீயணைப்பாளரைத் தேர்ந்தெடுப்பது சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். இரண்டாம் நிலைக் காவலருக்கு நடக்கும் அதே பொதுத்தேர்வுதான். பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். எழுத்துத்தேர்வு, அதில் தமிழ்த் தகுதித் தேர்வு, பிறகு 1,500 மீட்டர் ஓட்டம், கயிறு ஏறுதல் என்று போகும். நிலைய அலுவலர் பணிக்கும் இதே வாரியம்தான்; அதற்கு ஒரு பட்டம் வேண்டும். மாவட்ட அலுவலர் பதவி டிஎன்பிஎஸ்சி குரூப் 1 வழியே வருகிறது. ஏணி, குழாய், மீட்புப் பயிற்சியெல்லாம் தேர்வான பிறகு துறையே தரும். அந்தக் கட்டணப் பணம் நல்ல சாப்பாட்டுக்கும் ஓட்டப் பயிற்சிக்கும் போகட்டும்.

ஆலைப்பக்கம் போகிறவர்களுக்குப் படிப்பு உண்மையிலேயே வேண்டும். நம் வட்டாரத்தில் தீ எங்கே காத்திருக்கிறது என்று பாருங்கள்: சங்ககிரியில் எண்ணெய்க் கிடங்கு, மேட்டூரில் அனல்மின் நிலையமும் ரசாயன ஆலையும், சேலத்தில் உருக்காலை, பள்ளிபாளையம் பக்கம் காகித ஆலை, பஞ்சு பறக்கும் நூற்பாலைகள். தென்னிந்தியச் சாலைகளில் ஓடும் எரிவாயு டேங்கர்களில் பெரும்பங்கு நாமக்கல்காரர்களுடையது. 2012 ஆகஸ்டில் கண்ணூரை அடுத்த சாலாவில் ஒரு டேங்கர் கவிழ்ந்து எரிந்து 20 பேர் இறந்தார்கள். டேங்கர் தொழிலை நம்பி வாழும் ஊரிலிருந்து இந்தப் படிப்புக்கு இன்னும் நிறையப் பிள்ளைகள் போக வேண்டும் என்பது என் ஆசை.

பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படித்தவர்களுக்குத் திருச்செங்கோடு கே.எஸ்.ஆர். பொறியியல் கல்லூரியிலும் குமாரபாளையம் எக்செல் கல்லூரியிலும் பாதுகாப்பு, தீயணைப்புப் பொறியியல் பி.இ. இருக்கிறது. தீயணைப்பை மட்டும் ஆழமாகப் படிக்க நாக்பூர் தேசியத் தீயணைப்புக் கல்லூரி. 1956-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். நான்கு வருடம் வீட்டை விட்டிருக்க முடிந்தால் என் முதல் தேர்வு அதுதான்.

இயந்திரவியலோ வேதியியலோ படித்து ஏற்கெனவே ஆலையில் இருப்பவர் மறுபடி பி.இ. படிக்க வேண்டியதில்லை. சென்னை தரமணியில் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் ஓராண்டு தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ நடத்துகிறது. பாதுகாப்பு அலுவலர் நியமனத்தில் அனுபவத்தோடு அரசு ஏற்ற டிப்ளமோவையும் பார்ப்பார்கள்.

மிஞ்சியது ஐடிஐ, சமுதாயக் கல்லூரி, தனியார் பயிற்சி மையம். மருத்துவமனை, கிடங்கு, வணிக வளாகம் போன்ற இடங்களில் தொடக்கநிலை வேலைக்கு இவை உதவலாம். ஆனால் சான்றிதழில் யார் பெயர் இருக்கும் என்று முதலில் கேளுங்கள். ஐடிஐ என்றால் தேசியத் தொழிற்சான்றிதழ் வர வேண்டும். சமுதாயக் கல்லூரி என்றால் எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். மையமே அச்சடித்துத் தரும் தாளுக்கு அரசு வேலையில் மதிப்பில்லை.

செயல்முறை வகுப்பு நடக்கும் நாளில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். தண்ணீர் வரும் ஹைட்ரன்ட், மாட்டிப் பழக மூச்சுக்கருவி, எரியும் தட்டில் மாணவரே அணைத்துப் பார்க்க ஒரு திடல், இந்த மூன்றும் இல்லாத இடத்தில் சேர்க்காதீர்கள்.