எண்ணெய் கிடைத்த பிறகுதான் செலவே ஆரம்பம்

2010 டிசம்பரில் டிசையர் பெட்ரோலியம் என்ற சின்ன நிறுவனம், ஃபாக்லாந்து தீவுகளுக்கு வடக்கே தோண்டிய ரேச்சல் நார்த் கிணற்றில் எண்ணெய்க்கான அறிகுறி தெரிவதாக அறிவித்தது. லண்டன் சந்தையில் பங்கு எகிறியது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, அடுத்த அறிவிப்பு வந்தது: மேலே எடுத்த மாதிரியில் பெரும்பாலும் தண்ணீர். விலை பாதிக்கும் கீழே விழுந்தது. இதற்கு மோசடி எதுவும் தேவையில்லை. கிணற்றுக்குள் இறக்கிய கருவிகளின் அளவீட்டை வைத்து ஒரு செய்தி, திரவத்தையே எடுத்துப் பார்த்த பிறகு வேறொரு செய்தி. தொழிலே அப்படித்தான்.

லண்டனில் கணக்குத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, சிறு நிறுவனங்களுக்கான எய்ம் சந்தையில் பட்டியலிட்ட கடல் எண்ணெய் நிறுவனங்களில் பல ஆண்டுகளாகப் பணம் போட்டு வருகிறேன். லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. கேட்பவர்களெல்லாம் முதலில் கேட்பது, "அங்கே எண்ணெய் இருக்குமா?" என்றுதான். நான் முதலில் பார்ப்பது வங்கி இருப்பை.

காரணம் சொல்கிறேன். ரேச்சல் நார்த்தைத் தோண்டிய அதே ஓஷன் கார்டியன் ரிக்கை (துளையிடும் கடல்மேடை) வைத்து, அதே 2010இல் மே மாதம் ராக்ஹாப்பர் நிறுவனம் ஸீ லயன் வயலைக் கண்டுபிடித்தது. இது நிஜமான எண்ணெய், பெரிய வயல். பங்கு சில மாதங்களில் பல மடங்கு ஏறியது. ஆனால் கரையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, குழாயோ துறைமுக வசதியோ இல்லாத கடலில் வயலை உற்பத்திக்குக் கொண்டுவர ஒரு சின்ன நிறுவனத்தின் பையில் இருக்கும் காசு எந்த மூலைக்கு? 2012இல் பிரீமியர் ஆயில் 60 சதவீதம் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தது. 2014இல் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. பிரீமியருக்கே கடன் கழுத்தைப் பிடித்தது. வயலில் முதலீடு செய்யும் முடிவு ஒத்திப்போனது, மறுபடியும் ஒத்திப்போனது. பிரீமியர் 2021இல் ஹார்பர் எனர்ஜிக்குள் கலந்தது. ஹார்பருக்கு ஃபாக்லாந்தில் ஆர்வமில்லை. 2022இல் இஸ்ரேலின் நவிடாஸ் 65 சதவீதத்துடன் பொறுப்பேற்றது. 2025 முடியும்வரை ஸீ லயனிலிருந்து ஒரு பீப்பாய்கூட விற்பனைக்கு வரவில்லை. 2020இல் ராக்ஹாப்பர் பங்கு 10 பென்ஸுக்கும் கீழே கிடந்தது. கண்டுபிடிப்புக்கு முன்பிருந்த விலையைவிடக் கீழே. எண்ணெய் இருக்கிறது என்று நம்பியவர் சொன்னது சரிதான். பணம்தான் போயிற்று.

செனகல் கடலில் இன்னும் கொடுமை. அங்கே 2014இல் கண்டுபிடித்த எஸ்என்இ வயலில் ஆஸ்திரேலியாவின் ஃபார் என்ற சிறு நிறுவனம் பங்காளி. வயல் வளர்ந்தது, சங்கோமர் என்று பெயர் வைத்தார்கள், கட்டுமானமும் தொடங்கியது. 2020இல் தன் பங்குச் செலவைக் கட்ட ஃபாரிடம் பணமில்லை. கடைசியில் தன் உரிமையை 4.5 கோடி டாலருக்கும், பின்னால் நிபந்தனைப்படி வரக்கூடிய 5.5 கோடி டாலருக்கும் வுட்சைடிடம் விட்டுக்கொடுத்தது. 2024 ஜூனில் சங்கோமரில் எண்ணெய் வந்தது. கண்டுபிடித்த கூட்டணியில் இருந்த ஃபார் அப்போது அங்கே இல்லை.

சரி, இதை முன்கூட்டியே எப்படிக் கண்டுகொள்வது? நான் போடும் கணக்கைக் கற்பனை எண்களோடு காட்டுகிறேன். ஒரு நிறுவனம் "20 கோடி பீப்பாய் இலக்கு" என்று அறிவிக்கிறது. அது மொத்த வயலுக்கான மதிப்பீடு. நிறுவனத்தின் உரிமை 25 சதவீதம் என்றால் அதற்குரியது 5 கோடி. கிணறு வெற்றி பெற ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று அவர்களே எழுதியிருப்பார்கள். அப்படியானால் 1 கோடி. வளர்ச்சிப் பணி தொடங்காத கடலடி பீப்பாய்க்கு 3 டாலர் என்று தாராளமாகவே போட்டால் 3 கோடி டாலர். 50 கோடி பங்குகள் இருந்தால் பங்குக்கு 6 சென்ட். சந்தையில் 5 சென்ட்டுக்குக் கிடைக்கிறது. மலிவு என்று தோன்றும்.

இப்போது அரையாண்டு அறிக்கையைத் திறங்கள். கிணற்றில் நிறுவனத்தின் செலவுப் பங்கு 1.5 கோடி டாலர். கையில் 50 லட்சம்தான். மீதி 1 கோடிக்குப் புதுப் பங்கு வெளியிட வேண்டும். தள்ளுபடி இல்லாமல் யாரும் வாங்க மாட்டார்கள். 4 சென்ட் விலையில் 25 கோடி புதுப் பங்குகள். மொத்தம் 75 கோடி ஆயிற்று. அதே 3 கோடி டாலரை இப்போது வகுத்தால் பங்குக்கு 4 சென்ட். ரிக் வந்து சேரும் முன்பே உங்கள் மலிவு காணாமல் போய்விட்டது. இதில் அலுவலகச் செலவு, இயக்குநர் சம்பளம், புதுப் பங்கோடு இலவச இணைப்பாகத் தரும் வாரண்டுகள் (பின்னால் குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை) எதையும் நான் சேர்க்கவில்லை.

இந்தப் பங்கு வெளியீடு பெரும்பாலும் மாலையில், சந்தை மூடிய பிறகு நடக்கும். பெரிய நிதிகளைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசி முடித்துவிடுவார்கள். காலை 7 மணிக்கு அறிவிப்பு, 8 மணிக்குச் சந்தை. நமக்குத் தெரியும்போது எல்லாம் முடிந்திருக்கும். அதனால் பணம் தீரப்போகிற நிறுவனத்தை நான் வெளியீட்டுக்கு முன் தொடுவதே இல்லை. வெளியீடு முடிந்து விலை இறங்கிய பிறகுதான் எட்டிப் பார்ப்பேன். கையிருப்பு எவ்வளவு நாள் தாங்கும் என்பது ஆண்டறிக்கையின் பளபளப்பான முன்பக்கங்களில் இருக்காது. "நிறுவனம் தொடர்ந்து இயங்கும் திறன்" பற்றிய கணக்குக் குறிப்பில் இருக்கும். அங்கே "கணிசமான நிச்சயமின்மை" என்று தணிக்கையாளர் எழுதியிருந்தால், அதற்கு மேல் நில அதிர்வு வரைபடத்தின் கலரைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

கடன் வாங்கிய நிறுவனமென்றால் கடன் பத்திரத்தின் முதிர்வுத் தேதியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஷெட்லாந்துக்கு மேற்கே லங்காஸ்டர் வயலை வைத்திருந்த ஹரிக்கேன் எனர்ஜி 2019 ஜூனில் உற்பத்தியே தொடங்கிவிட்டது. வெடிப்புகள் ஓடிய பழம்பாறையிலிருந்து எண்ணெய், எல்லோரும் புகழ்ந்தார்கள். 2020இல் எண்ணெய் இருப்பு மதிப்பீட்டைப் பாதிக்கும் கீழே வெட்டினார்கள். 2022 ஜூலையில் முதிரும் 23 கோடி டாலர் கடன் பத்திரங்கள் தலைக்கு மேல். 2021இல் நிர்வாகம் ஒரு திட்டம் கொண்டுவந்தது: பத்திரதாரர்களுக்கு நிறுவனத்தின் 95 சதவீதம், பழைய பங்குதாரர்களுக்கு மிச்சம் 5. பங்குதாரர்கள் பெருவாரியாக எதிர்த்து வாக்களித்தார்கள். ஜூன் மாதம் லண்டன் உயர் நீதிமன்றம் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. எண்ணெய் விலை ஏறியது, அடுத்த ஆண்டு கடன் முழுசாக அடைந்தது.

அந்த வாக்கை அளிப்பது சிரமம் என்பதையும் சொல்ல வேண்டும். நம் பங்குகள் தரகரின் நாமினி பெயரில் இருக்கும். நாம் எழுதிக் கேட்டால்தான் வாக்கு. அதற்குத் தரகர் வைக்கும் கடைசித் தேதி, நிறுவனம் அறிவித்த தேதிக்குப் பல நாட்கள் முன்னால் இருக்கும். என் தரகு நிறுவனம் ஒருமுறை இந்தத் தேதியை எனக்குச் சொல்லவேயில்லை. கணக்குத் தொடங்கும்போதே இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருக்கும் அக்கா மகன் ஒருநாள் போனில், "மாமா, புதுச்சேரிக் கடல்ல எண்ணெய் நிச்சயம் இருக்காமே" என்றான். "இருக்கட்டும் மாப்ளே, எடுக்க யாரு விடுறா?" என்றேன். அங்கே பிஒய்-3 வயல் 1997இலிருந்து எண்ணெய் தந்தது. இயக்கியது லண்டனில் பட்டியலிட்டிருந்த ஹார்டி. பங்காளிகள் ஓஎன்ஜிசி, டாடா பெட்ரோடைன், எச்ஓஇசி. 2011இல் உற்பத்தி நின்றது. அதே ஹார்டி பக்கத்து சிஒய்-ஓஎஸ்/2 தொகுதியில் கண்டுபிடித்ததோ கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. கிடைத்தது எரிவாயு என்றால் வணிகத் தகுதியை நிரூபிக்க 60 மாதம், எண்ணெய் என்றால் 24 மாதம். எண்ணெய்தான், கெடு முடிந்தது என்றது அரசு. வாயு என்றது நிறுவனம். 2013இல் நடுவர் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2018இலும் ஓடிக்கொண்டிருந்தது. பாறை அப்படியே இருக்கிறது. அரசுத் தலையீட்டில் பிரிட்டனும் லேசுப்பட்டதல்ல: 2022இல் கொண்டுவந்த கூடுதல் லாப வரியோடு சேர்த்து, வட கடல் உற்பத்தி லாபத்தின் மீது 2024 நவம்பரிலிருந்து மொத்தம் 78 சதவீதம்.

வாங்குவது, விற்பது பற்றிக் கொஞ்சம். ரிக் வரும் செய்தியிலிருந்து துரப்பணம் இலக்கைத் தொடும்வரை விலை ஏறுவது வழக்கம். அந்த ஏற்றத்தில் போட்ட முதலை எடுத்துவிட்டு, மீதியை மட்டும் முடிவுக்கு விட்டுவைப்பேன். ஐந்தில் நான்கு தடவை கிணறு வறண்டிருக்கும் என்று நிறுவனமே சொல்லும்போது அதை நம்பாமலிருக்க எனக்குக் காரணமில்லை. விலை குறித்த அளவுக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஸ்டாப் லாஸை நம்பாதீர்கள். முடிவு காலை 7 மணிக்கு வரும். 8 மணிக்குச் சந்தை திறக்கும்போதே விலை பாதியில் நிற்கும், இடையில் விற்க வழியே கிடையாது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் பத்து சதவீத இடைவெளி இருக்கிற பங்குகளும் உண்டு. அவற்றை வாங்கிய நிமிடமே நஷ்டக் கணக்கில்தான் நிற்கிறோம்.

பெரிய நிறுவனம் ஒன்று கிணற்றுச் செலவை ஏற்று உள்ளே வருகிறதா என்று பாருங்கள். வந்தால், சின்ன நிறுவனத்தின் தரவுகளை நம்மைவிடத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வருஷக்கணக்காகக் கூட்டாளி தேடுகிறோம் என்றே எழுதிக்கொண்டிருந்தால், பார்த்தவர்கள் வேண்டாம் என்று போயிருக்கலாம்.

என் சேமிப்பில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இந்தத் துறைக்குப் போவதில்லை. அதுவும் ஒரே கிணற்றில் இல்லை. ஓய்வூதியப் பணம், பிள்ளைகளின் படிப்புக்கு வைத்த பணம் இரண்டையும் தயவுசெய்து இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள்.