ஓஎஸ் போட்டாச்சு, வைஃபை எங்கே? மலையூருக்கு ஒரு டிரைவர் வழிகாட்டி

லேப்டாப்பை ஃபார்மட் செய்து விண்டோஸை புதிதாகப் போட்டாயிற்று. திரை வந்துவிட்டது, கீபோர்டு வேலை செய்கிறது. ஆனால் வலது கீழ் மூலையில் வைஃபை குறியைக் காணோம். வைஃபை டிரைவர் இன்டர்நெட்டில் இருக்கிறது. இன்டர்நெட்டுக்குப் போக வைஃபை டிரைவர் வேண்டும். போளூரிலோ திருப்பத்தூரிலோ இருப்பவர் பக்கத்துக் கடைக்கு நடந்து போய் பென்டிரைவில் வாங்கி வந்துவிடுவார். ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூரில் இருப்பவர் அதற்காகப் பஸ் பிடித்து மலையிலிருந்து இறங்கி, மறுபடி ஏற வேண்டும்.

அந்தப் பயணம் பெரும்பாலும் தேவையே இல்லை. வேண்டிய டிரைவர் பல நேரம் மலைக்கு மேலேயே, உங்கள் பழைய விண்டோஸுக்குள்ளோ அடுத்த வீட்டு லேப்டாப்புக்குள்ளோ இருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்தும் வழிதான் கீழே. ஏற்கெனவே ஃபார்மட் செய்துவிட்டவர்கள் 3ஆம் பகுதியிலிருந்து தொடங்கலாம்.

வைஃபை சிப், சவுண்டு சிப் போன்றவற்றை எப்படி இயக்குவது என்று விண்டோஸுக்குச் சொல்லித் தரும் சிறு மென்பொருள்தான் டிரைவர். விண்டோஸ் தன்னோடு ஏராளமான டிரைவர்களைக் கொண்டே வருகிறது. அந்த விண்டோஸ் வெளியான பிறகு சந்தைக்கு வந்த சிப்போ அதிகம் புழங்காத சிப்போ என்றால், அதற்கான டிரைவர் அதில் இருக்காது. நாம்தான் கொடுக்க வேண்டும்.

1. அழிப்பதற்கு முன் மூன்று குறிப்பு

லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் பெயரை முழுமையாக எழுதி வையுங்கள். சில பழைய மாடல்களில் பேட்டரியைக் கழற்றினால்தான் ஸ்டிக்கர் தெரியும். போடப்போகும் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று குறியுங்கள். ஒன்றின் டிரைவர் மற்றொன்றில் ஏறாது. கடைசியாக, ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியில் இருக்கும் பெயரை ஃபோனில் படம் எடுங்கள்.

2. பழைய டிரைவர்களைக் காப்பி எடுங்கள்

இந்த ஒன்றைச் செய்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ்டோர், அதற்குள் ஃபைல்ரெப்பாசிட்டரி என்ற ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே ஒரு பென்டிரைவில் காப்பி செய்யுங்கள். இதுவரை ஓடிய கிட்டத்தட்ட எல்லா டிரைவரும் அதில் அடக்கம்.

விண்டோஸ் திறக்கவே மாட்டேன் என்கிறதா? உபுண்டு போன்ற லினக்ஸை பென்டிரைவிலிருந்து இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டி, அதன் வழியாக ஹார்டு டிஸ்க்கைத் திறந்து அதே ஃபோல்டரை எடுக்கலாம். பிட்லாக்கர் பூட்டு போட்ட டிஸ்க் என்றால் மட்டும் ரெக்கவரி கீ கேட்கும். வழக்கமாக அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

காப்பி எடுக்க மறந்துவிட்டாலும் ஒரு வாய்ப்பு உண்டு. இன்ஸ்டால் செய்யும்போது பழைய பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யாமல், அதையே தேர்ந்தெடுத்து மேலே புதிய விண்டோஸைப் போடுங்கள். பழையது விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டருக்குள் நகர்ந்துவிடும். டிரைவர்ஸ்டோரும் அதற்குள் பத்திரமாக இருக்கும். சில நாளில் விண்டோஸ் அதைத் தானே அழித்துவிடும் என்பதால் உடனே எடுத்துவிடுங்கள்.

3. அதே மாடல் ஊரில் இருக்கிறதா?

தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் மொத்தமாக வாங்கி, பள்ளி பள்ளியாகக் கொடுத்தது. அதனால் ஒரே வகுப்பில் படித்த பிள்ளைகள் பலரிடம் ஒரே மாடல் இருக்க வாய்ப்பு அதிகம். உங்களுடையது அப்படிப்பட்ட லேப்டாப் என்றால், அதே மாடலை வைத்திருக்கும் கூடப்படித்தவரின் வீட்டுக்குப் போய் அவர் லேப்டாப்பிலிருந்து ஃபைல்ரெப்பாசிட்டரியைக் காப்பி எடுங்கள். ஆண்டு ஒன்றாக இருந்தால் போதாது, மாடல் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். விண்டோஸும் அதே பிட்டாக இருக்க வேண்டும்.

4. கீழே இறங்குகிற நாளில் டவுன்லோட்

சாமையும் புளியும் விற்கவோ வேறு வேலையாகவோ ஆலங்காயம், போளூர் பக்கம் போகிற நாளில் இதையும் முடித்துவிடுங்கள். இரண்டு பென்டிரைவ் தேவை. 8 ஜிபிக்குக் குறையாத ஒன்று விண்டோஸுக்கு, மற்றொன்று டிரைவர்களுக்கு. லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் மாடல் பெயரைக் கொடுத்து நான்கை மட்டும் இறக்குங்கள்: வைஃபை, லேன், சிப்செட், ஸ்டோரேஜ். நெட் கிடைத்துவிட்டால் மற்றவற்றில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் அப்டேட்டே கொண்டுவந்துவிடும். “ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்” என்று பணம் கேட்கும் மென்பொருள்களைத் தொடவேண்டாம்.

5. இன்ஸ்டால் நடுவே டிஸ்க் தெரியவில்லையா?

எங்கே இன்ஸ்டால் செய்வது என்று கேட்கும் இடத்தில் பட்டியல் காலியாக இருந்தால் டிஸ்க் போய்விட்டது என்று பயப்படாதீர்கள். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்களில் எஸ்எஸ்டி டிஸ்க் விஎம்டி என்ற அமைப்பின் பின்னால் நிற்கிறது. இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைக் கொடுத்தால்தான் இன்ஸ்டாலருக்கு அது தெரியும். டிரைவரை ஏற்கெனவே விரித்து ஃபோல்டராக வைத்திருக்க வேண்டும். லோட் டிரைவர் பட்டனை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள், டிஸ்க் வந்துவிடும். பயாஸில் விஎம்டியை நிறுத்துவது இன்னொரு வழி. நிறுத்தினால் டிஸ்க்கில் இருக்கும் பழைய விண்டோஸ் திறக்காமல் போகலாம். ஃபைல்களை எல்லாம் எடுத்த பிறகே அதில் கை வையுங்கள்.

பழைய விண்டோஸ் 7 போடுபவர்களுக்கு வேறொரு தொல்லை. சிடி, டிவிடி டிரைவர் இல்லை என்று செய்தி வரும். லேப்டாப்பில் சிடி டிரைவே இருக்காது! விண்டோஸ் 7 இன்ஸ்டாலருக்கு யுஎஸ்பி 3.0 தெரியாது என்பதே பெரும்பாலும் காரணம். நீல நிற போர்ட்டிலிருந்து பென்டிரைவை உருவி, கறுப்பு நிற யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகிப் பாருங்கள். ஆனாலும் விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. புதிதாகப் போடும்போது இதையும் யோசியுங்கள்.

6. நெட்டுக்கு ஃபோன் கேபிள்

வைஃபை டிரைவர் இல்லாவிட்டாலும் ஆண்ட்ராய்டு ஃபோனை டேட்டா கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் பெரும்பாலும் நெட் வந்துவிடும். அதற்கான டிரைவர் விண்டோஸ் 10, 11இல் உள்ளேயே இருக்கிறது. ஃபோன் பள்ளியின் வைஃபையில் இருந்தால் அந்த நெட்டையே லேப்டாப்புக்குத் தரும். சிம் சிக்னல் என்றால் அது நன்றாகக் கிடைக்கும் மேட்டுக்கு லேப்டாப்பைக் கொண்டுபோங்கள். சார்ஜுக்கு மட்டுமான கேபிளில் இது நடக்காது. விண்டோஸ் 11 ஆரம்பத்திலேயே நெட் கேட்டு நிறுத்தினாலும் இதே வழிதான்.

7. மஞ்சள் குறிகளைத் தீர்ப்பது

ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் குறியிட்ட ஒவ்வொன்றையும் ரைட் கிளிக் செய்து அப்டேட் டிரைவர் கொடுத்து, கம்ப்யூட்டரில் தேடு என்பதைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் காப்பி எடுத்த ஃபோல்டரைக் காட்டுங்கள். உள் ஃபோல்டர்களையும் சேர் என்ற கட்டத்தில் டிக் இருக்கட்டும். முதலில் சிப்செட், பிறகு நெட்வொர்க், அதன்பின் டிஸ்ப்ளே, சவுண்டு. ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒருமுறை ரீஸ்டார்ட்.

ப்ராப்பர்ட்டீஸில் வரும் எண் காரணத்தைச் சொல்லும். கோட் 28 என்றால் டிரைவரே இல்லை. கோட் 10 என்றால் டிரைவர் இருந்தும் சாதனம் இயங்கத் தொடங்கவில்லை. வேறு பதிப்பைப் போட்டுப் பாருங்கள். கோட் 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை.

பெயரே தெரியாத சாதனம் என்றால் டீடெய்ல்ஸ் பகுதியில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். அதில் வரும் முதல் நான்கு இலக்கக் குறியீடு தயாரிப்பாளருடையது. 8086 இன்டெல். 1002ம் 1022ம் ஏஎம்டி. 10இசி ரியல்டெக். 14இ4 பிராட்காம். 14சி3 மீடியாடெக்.  அந்த ஹார்டுவேர் ஐடியை முழுதாகக் காப்பி செய்து தேடினால் சரியான டிரைவர் கிடைக்கும்.

8. லினக்ஸ் போடுபவர்களுக்கு

மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் பழைய லேப்டாப்பில் தேடும் வேலை குறைவு. வைஃபை சிப்புக்கான ஃபர்ம்வேர் மட்டும் சில நேரம் விடுபடும். 2023இல் வந்த டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரோடே ஃபர்ம்வேரும் வருகிறது. அதற்கு முந்தைய பதிப்பைப் போட்டு வைஃபை வராவிட்டால், யுஎஸ்பி டெதரிங் இங்கேயும் கைகொடுக்கும்.

9. மூடும் முன் ஒரு வேலை

எல்லா மஞ்சள் குறியும் போன பிறகு ஃபைல்ரெப்பாசிட்டரியை மறுபடி காப்பி எடுங்கள். ஃபோல்டருக்கு மாடல் பெயரையும் விண்டோஸ் பதிப்பையும் பெயராக வைத்து, பள்ளிக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி போட்டு வையுங்கள். அதே மாடல் லேப்டாப்போடு அடுத்து ஒரு பிள்ளை வந்து நின்றால், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.